முதலிடம் பிடித்தும் மேலே போகாத கிரெனோபிள்

2023 ஜூனில் 3–14, 19–33. 2024 ஜூனில் 9–16, 18–20. 2025 ஜூனில் 19–24, 11–13.

ஆறு ஆட்டங்களின் ஸ்கோர் இவை. எல்லாவற்றிலும் முதலில் இருக்கும் எண் கிரெனோபிள் ரக்பி கிளப் எடுத்த புள்ளி. இந்த ஆறில் ஏதாவது ஒன்றை ஜெயித்திருந்தால்கூட அந்த கிளப் பிரான்ஸின் முதல் டிவிஷனுக்குப் போயிருக்கும். ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. கடைசி மூன்று தோல்விகளின் வித்தியாசத்தைக் கூட்டினால் வெறும் 9 புள்ளிதான் வருகிறது. ரக்பியில் ஒரு டிரையும் (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அமுக்குவது) அதற்குப் பிறகான உதையும் சேர்ந்தாலே 7 கிடைத்துவிடும்.

அதிலும் 2024–25 சீசன்தான் அதிகம் வலிப்பது. அந்த வருஷம் 30 சுற்று ஆடி முடித்தபோது 16 அணிகளில் முதலிடத்தில் நின்றது கிரெனோபிள். மேலே போனதோ ஆறாம் இடத்தில் முடித்த மோன்டோபான். இது எப்படி நடந்தது என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. பிரான்ஸின் இரண்டாம் டிவிஷன் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த டிவிஷனின் பெயர் ப்ரோ டே-தூ. 2000-இல் தொடங்கியது. தொழில்முறை ரக்பியை நடத்தும் தேசிய ரக்பி லீக்கின் கீழ் இரண்டு டிவிஷன்கள் உண்டு. மேலே டாப் 14, பெயருக்கேற்ப 14 கிளப். அதற்குக் கீழே 16 கிளப்களோடு ப்ரோ டே-தூ. அதற்கும் கீழே 2020-இல் உருவாக்கிய நாசியோனால் என்ற டிவிஷன், அது பிரெஞ்சு ரக்பி சம்மேளனத்தின் பொறுப்பில் வருகிறது.

இரண்டாம் டிவிஷன் என்றதும் பெயர் தெரியாத கிளப்கள் நினைவுக்கு வரலாம். 2024–25 பட்டியலை எடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. பெசியே 11 முறை பிரான்ஸ் சாம்பியன். 1970-களில் அந்த அணியை வீழ்த்துவதே பெரிய செய்தி. அஜான் 8 முறை, பியாரிட்ஸ் 5 முறை. கிரெனோபிள் 1954-இலும், மோன்-டு-மார்சான் 1963-இலும், மோன்டோபான் 1967-இலும் ஒவ்வொரு முறை. மொத்தம் 27 பட்டங்கள் அந்த ஒரு டிவிஷனுக்குள் உட்கார்ந்திருந்தன. பிரீவ் ஒருபோதும் பிரான்ஸ் சாம்பியன் ஆனதில்லை, ஆனால் 1997-இல் கார்டிஃப் நகரில் இங்கிலாந்தின் லெஸ்டரை 28–9 என்று அடித்து ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. டாக்ஸ் ஐந்து முறை இறுதி ஆட்டம் வரை போய் ஐந்திலும் தோற்றது. இந்த ஊர்களில் பெரும்பாலானவை சின்ன ஊர்கள். டாக்ஸ், ஓயோனா, ஓரியாக் எல்லாம் 20,000, 30,000 பேர் வாழும் ஊர்கள். தொழில்முறைப் பணம் வந்த பிறகு பெரிய நகரங்களின் கிளப்கள் மேலே ஏறின. சின்ன ஊர்க்காரர்கள் ஞாபகங்களோடு கீழே தங்கினார்கள். அதனால்தான் இந்த டிவிஷனில் மேலே போவது என்றால், எல்லோருக்கும் அது திரும்பிப் போவது. பாட்டன் காலத்தில் நமக்கு இருந்த இடம் அது என்ற நினைப்பு ஒவ்வொரு மைதானத்திலும் இருக்கிறது.

சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. ஒவ்வொரு அணியும் மற்ற 15 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என 30 ஆட்டம் ஆடும். மொத்தக் கணக்கில் 240 ஆட்டங்கள். சனிக்கிழமை டாப் 14-க்குப் போய்விடுவதால், இவர்களுக்கு வியாழன் இரவும் வெள்ளி இரவும்தான் மிச்சம். தொலைக்காட்சி உரிமை கனால் ப்ளூஸ் சேனலிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, கடையை அடைத்துவிட்டு, மைதானத்து விளக்கு வெளிச்சத்தை நோக்கி நடந்து போகும் கூட்டம் இந்த லீக்கின் அடையாளம் ஆகிவிட்டது. ஆகஸ்டில் வெயிலில் காய்ந்த தரையில் தொடங்குவார்கள். ஜனவரியில் ஓரியாக் போன்ற மலைப்பகுதி ஊரில் மூச்சு புகையாகப் போகும் குளிரில் ஆடுவார்கள். மறுபடி ஜூன் வெயிலுக்கு வந்து சேர்வார்கள்.

இங்கே புள்ளி கொடுக்கும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் ஆட்டத்தைப் பார்த்தால் பாதிதான் புரியும். வெற்றிக்கு 4, டிராவுக்கு 2. இது போக இரண்டு போனஸ் உண்டு. 5 புள்ளி அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் தோற்றவருக்கு 1. எதிரணியைவிட மூன்று டிரை அதிகம் போட்டு ஜெயித்தால் ஜெயித்தவருக்குக் கூடுதலாக 1. மற்ற நாடுகள் பலவற்றில் நான்கு டிரை போட்டாலே போனஸ் கைக்கு வந்துவிடும், அப்புறம் யாரும் அதைப் பறிக்க முடியாது. பிரான்ஸில் அப்படி இல்லை.

ஒரு உதாரணம். சொந்த ஊர் அணி நான்கு டிரை, எதிரணி ஒன்று. ஸ்கோர் 29–10. ஆட்டம் 78-வது நிமிஷம். ஜெயிப்பது யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெளியூர் அணி இன்னும் ஒரு டிரை போட்டுவிட்டால் வித்தியாசம் இரண்டு டிரையாகக் குறைந்துவிடும், போனஸ் போய்விடும். அதனால் தோற்றுப்போன அணி தனக்கு ஒன்றும் கிடைக்காத ஒரு டிரைக்காக உயிரைக் கொடுத்து முட்டும். ஜெயித்துவிட்ட அணி தன் கோட்டில் நின்று அதே வெறியோடு தடுக்கும். மைதானம் முழுக்க எழுந்து நிற்கும். விஷயம் தெரியாதவர் அந்த இரண்டு நிமிஷத்தைப் பார்த்தால், முடிந்துபோன ஆட்டத்தில் ஏன் இவ்வளவு பதற்றம் என்று நினைப்பார். 30 வாரம் கழித்து ஆறாம் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இப்படிச் சேர்த்த, இப்படி இழந்த ஒற்றைப் புள்ளிகள்தான்.

வெளியூரில் ஜெயிப்பது இங்கே கஷ்டம். பேருந்தில் பல மணி நேரம் போய், சின்ன மைதானத்தில் கோட்டை ஒட்டி நிற்கும் கூட்டத்துக்கு நடுவே ஆட வேண்டும். ஒரு போனஸ் புள்ளியோடு திரும்பினாலே வெறுங்கையோடு வரவில்லை என்று நிம்மதிப்படுவார்கள். இதனாலேயே பிரெஞ்சு ரக்பி ரசிகர்கள் சாதாரணப் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு 'பிரிட்டிஷ் பட்டியல்' என்று பெயர். சொந்த ஊர் வெற்றி எப்படியும் வர வேண்டியதுதான், அதனால் அதற்கு 0. வெளியூரில் ஜெயித்தால் கூட்டல் 4, சொந்த ஊரில் தோற்றால் கழித்தல் 4. சீசன் பாதியில் ஒரு அணி அதிக ஆட்டங்களைச் சொந்த ஊரில் ஆடிவிட்டு மேலே உட்கார்ந்திருக்கலாம். உண்மையில் யார் முன்னால் இருக்கிறார்கள் என்பதை இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆட்டத்தின் தன்மையையும் சொல்ல வேண்டும். டாப் 14-இல் இருக்கும் பெரிய பெயர்கள் இங்கே குறைவு. இளம் வீரர்களை மேலே இருக்கும் கிளப்கள் இங்கே கடனாக அனுப்பி அனுபவம் வாங்க வைப்பதுண்டு. பிரான்ஸிலேயே பயிற்சி பெற்ற வீரர்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட வைக்க வேண்டும் என்ற விதியும் அவர்களுக்கு இடம் தருகிறது. ஜார்ஜியாவிலிருந்து வந்த ஸ்க்ரம் (இரு அணியிலும் எட்டெட்டு பேர் பிணைந்து முட்டித் தள்ளுவது) முன்வரிசைக்காரர்கள், ஓரத்தில் ஓடும் ஃபிஜி விங்கர்கள், இந்த டிவிஷனிலேயே பத்து வருஷம் ஆடிப் பழுத்த உள்ளூர்க்காரர்கள் எல்லாம் கலந்த கூட்டம். மழைக்கால வெள்ளிக்கிழமைகளில் பார்க்கும் டிரை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். ஸ்க்ரம்மில் பெனால்டி, பந்தை எதிரணிக் கோட்டுக்கு ஐந்து மீட்டர் தள்ளி வெளியே உதைப்பது, வெளியே போன பந்தை உள்ளே வீசும் லைன்-அவுட்டில் அதைப் பிடிப்பது, எட்டு பேரும் ஒரே உடம்பாகச் சேர்ந்து தள்ளிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டி விழுவது. சிலருக்கு இது சலிப்பு தரும். எனக்கு இதில்தான் சுவை. ஒருவர் கால் வழுக்கினாலும் மொத்தக் கட்டும் குலைந்துவிடும் வேலை அது.

சரி, ஜூனுக்கு வருவோம்.

2017 வரை விதி எளிமையாக இருந்தது. முதலிடம் பிடித்தவர் நேராக டாப் 14-க்குப் போவார். இரண்டு முதல் ஐந்து வரை இருப்பவர்கள் அரையிறுதி, இறுதி என்று ஆடி, அதில் ஜெயிப்பவர் இரண்டாவது இடத்தைப் பெறுவார். மேலிருந்து கடைசி இரண்டு அணிகள் கீழே வரும். 2017–18 சீசனிலிருந்து இதை மாற்றினார்கள். இப்போது முதல் ஆறு இடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பிளே-ஆஃபுக்குப் போகிறார்கள். 3-ஆம் இடம் 6-ஆம் இடத்தோடும், 4 ஐந்தோடும் முதலில் மோதும். ஜெயித்தவர்கள் முதல் இரண்டு இடத்தவரோடு அவர்கள் மைதானத்தில் அரையிறுதி ஆட வேண்டும். அப்புறம் பொது மைதானத்தில் இறுதி. அந்த இறுதியை ஜெயிப்பவர் மட்டும் நேரே மேலே போவார்.

தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, அதைப் பிரெஞ்சுக்காரர்களே ஆங்கிலத்தில் 'ஆக்செஸ் மேட்ச்' என்கிறார்கள். டாப் 14-இல் 13-ஆம் இடம் பிடித்த அணி இறங்கி வந்து, இறுதியில் தோற்ற அணியின் சொந்த மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடும். ஜெயித்தவருக்கு டாப் 14, தோற்றவருக்கு ப்ரோ டே-தூ.

இந்த ஏற்பாட்டில் முதலிடத்துக்குக் கிடைக்கும் பரிசு என்னவென்று பாருங்கள். ஒரு வார ஓய்வு, சொந்த மைதானத்தில் அரையிறுதி, அவ்வளவுதான். இரண்டாம் இடத்துக்கும் அதேதான். ஐபிஎல் பார்ப்பவர்களுக்குத் தெரியும், அங்கே முதல் இரண்டு இடத்தவர் ஒரு ஆட்டம் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே அரையிறுதியில் ஒரு நாள் சறுக்கினால், முதலிடமோ ஆறாமிடமோ, எல்லோரும் வீட்டுக்குத்தான்.

2024–25 சீசனில் மோன்டோபான் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமை ஆகாது. தூலூஸுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர், தார்ன் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். கிளப்பின் மைதானம் சாபியாக். பள்ளத்தில் கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருப்பதால் 'சாபியாக் கிண்ணம்' என்றே சொல்வார்கள். 2006-இல் ப்ரோ டே-தூவை ஜெயித்து டாப் 14-க்குப் போனார்கள், ஐரோப்பியக் கோப்பைகூட ஆடினார்கள். 2010-இல் கிளப் திவாலாகியது. ஆட்டத்தில் ஜெயித்துச் சேர்த்த இடமெல்லாம் கணக்குப் புத்தகத்தில் போனது. தொழில்முறை டிவிஷன்களையே விட்டு மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். ப்ரோ டே-தூவுக்குத் திரும்பவே 2014 ஆயிற்று. 2017-இல் பழைய விதியின்படி பிளே-ஆஃப் இறுதிவரை வந்து அஜானிடம் தோற்றார்கள். 2023–24 சீசனில் 15-ஆம் இடம். அதாவது நாசியோனாலில் இறுதியில் தோற்ற நார்போனோடு, இந்த டிவிஷனில் தங்குவதற்காகவே ஒரு ஆட்டம் ஆட வேண்டிய நிலை. அதை ஜெயித்துத் தப்பித்தார்கள்.

அந்த ஆட்டத்திலிருந்து சரியாகப் பன்னிரண்டு மாதம். முன்னாள் பிரான்ஸ் ஸ்க்ரம்-ஹாஃப் செபாஸ்தியான் தியூஸ்-போர்ட் பயிற்றுவித்த அணி, இந்த முறை ஆறாம் இடத்தைப் பிடித்து, பிளே-ஆஃபின் கடைசிக் கதவு வழியாக உள்ளே நுழைந்தது. மூன்றாம் இடத்து அணியை அதன் ஊரிலேயே தோற்கடித்தது. அடுத்து இரண்டாம் இடத்திலிருந்த பிரீவை, அதுவும் பிரீவ் மைதானத்திலேயே. இரண்டு வாரத்தில் இரண்டு வெளியூர் வெற்றி. 30 வாரம் ஒரு வெளியூர்ப் புள்ளிக்கு எப்படித் தவம் கிடப்பார்கள் என்று மேலே சொன்னதை வைத்து யோசித்தால், இதன் எடை புரியும்.

இறுதி ஆட்டம் 2025 ஜூன் 7, தூலூஸின் எர்னெஸ்ட்-வாலோன் மைதானம். மோன்டோபானுக்கு முக்கால் மணி நேரப் பயணம். ஆல்ப்ஸ் மலை அடிவாரத்து கிரெனோபிளுக்கு நாட்டின் தென்பகுதியைக் குறுக்கே கடந்து வர வேண்டிய தூரம். கிரெனோபிள் அந்த மைதானத்துக்கு வருவது தொடர்ந்து மூன்றாவது வருஷம். 2023-இல் ஓயோனாவிடமும் 2024-இல் வான் என்ற ஊரின் கிளப்பிடமும் தோற்றது அங்கேதான். 2025-இல் 24–19 என்று மோன்டோபான் ஜெயித்தது. 15 வருஷம் முன்பு பணமில்லாமல் இழந்த இடத்துக்கு ஒரு கிளப் திரும்பிப் போனது.

ஒரு வாரம் கழித்து, கிரெனோபிளுக்குச் சொந்த ஊரில், பெர்பினியானோடு ஆக்செஸ் மேட்ச். 20,000 பேர் உட்காரும் ஸ்டாட் தேஸ் ஆல்ப் மைதானம். 11–13.

இந்த ஆக்செஸ் மேட்ச் பற்றி எனக்குப் பல நாளாக ஒரு மனக்குறை உண்டு, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். தாளில் பார்த்தால் கீழ் டிவிஷன்காரருக்குச் சாதகமான ஆட்டம். சொந்த மைதானம், சொந்தக் கூட்டம். எதிரே வருவது ஒரு வருஷமாகத் தோற்றுத் தோற்று 13-ஆம் இடத்துக்கு வந்த அணி. ஆனால் அந்த ஆட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். விதிப்படி அங்கே வருவது ஏழு நாள் முன்பு வருஷத்தின் மிகப் பெரிய ஆட்டத்தைத் தோற்ற அணி. கைக்கு எட்டிய வாய்ப்பு கைநழுவிப் போன துக்கத்தோடு திங்கட்கிழமை பயிற்சிக்கு வரும் வீரர்களை, சனிக்கிழமைக்குள் மறுபடி எழுப்ப வேண்டும். உடம்பும் அப்படித்தான். டாப் 14-இல் 26 சுற்று; இங்கே 30 சுற்று, அதற்கு மேல் அரையிறுதி, இறுதி. போதாக்குறைக்கு, 13-ஆம் இடத்து அணி தோற்றிருந்தாலும் வாராவாரம் தூலூஸ், லா ரோஷெல், போர்தோ மாதிரி அணிகளோடு மோதிப் பழகிய வேகத்தில் இருக்கும்.

முதல் சில வருஷங்களில் இது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியவில்லை. 2018-இல் இதே கிரெனோபிள் இறுதியில் பெர்பினியானிடம் தோற்றுவிட்டு, ஆக்செஸ் மேட்சில் ஓயோனாவை 47–22 என்று நொறுக்கி மேலே போனது. மறு வருஷம் அதே கிரெனோபிள் மேலிருந்து இறங்கி வந்து, பிரீவிடம் 28–22 என்று தோற்றுக் கீழே விழுந்தது. 2020-இல் கொரோனாவால் சீசனே பாதியில் நின்றது. 2021-இல் நடந்ததை ரக்பி பார்ப்பவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். பியாரிட்ஸும் பயோனும், எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு பாஸ்க் ஊர்கள், காலங்காலமான பங்காளிச் சண்டை. கூடுதல் நேரமும் முடிந்தபோது 6–6. கால்பந்து மாதிரி வரிசையாக உதைத்து முடிவு செய்ய வேண்டியதாயிற்று. பயோனின் ஒரு உதை கம்பத்துக்கு வெளியே போனது. கடைசியாக உதைக்க வந்தவர் ஸ்டெஃபன் ஆர்மிடேஜ். இங்கிலாந்துக்கு ஆடிய, ஸ்க்ரம்மின் பின்வரிசை ஆள், வாழ்நாள் முழுக்க பந்தைப் பிடுங்குவதும் முட்டுவதும்தான் அவர் தொழில், கோல் உதைப்பது இல்லை. உதைத்தார், உள்ளே போனது. பியாரிட்ஸ் மேலே, பயோன் கீழே. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது.

அந்த உதைக்குப் பிறகு, 2025 வரை, ப்ரோ டே-தூ அணி ஒன்றுகூட ஆக்செஸ் மேட்சை ஜெயிக்கவில்லை. 2022-இல் மோன்-டு-மார்சான், 2023, 2024, 2025-இல் கிரெனோபிள். இந்த நான்கில் மூன்று முறை மேலிருந்து வந்து தப்பித்துப் போனது பெர்பினியான், ஒரு முறை மோன்பெலியே. மோன்-டு-மார்சானும் 2022-இல் முப்பது சுற்று முடிவில் முதலிடத்தில் இருந்த அணிதான். இறுதியில் பயோனிடம் 49–20, அடுத்த வாரம் பெர்பினியானிடம் 41–16. முதலிடம் பிடித்த சீசன் தொண்ணூறு புள்ளி விட்டுக்கொடுத்து எட்டு நாளில் முடிந்தது.

அதனால் என் கருத்து இதுதான். முதலிடத்துக்குப் பழையபடி நேரடி இடம் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலிலும் ஜனவரி குளிரிலும் மற்ற 15 பேரைவிட நன்றாக ஆடினோம் என்று 30 வாரம் நிரூபித்த அணிக்கு, அதை மறுபடி ஒரு மாலையில் நிரூபி என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. இரண்டாமிடம் முதல் ஆறாமிடம் வரை பிளே-ஆஃப் ஆடட்டும், ஜெயிப்பவர் 13-ஆம் இடத்து அணியைச் சந்திக்கட்டும். அப்போது ஆக்செஸ் மேட்சுக்கு வருவது தோற்ற அணியாக இருக்காது, ஜெயித்த உற்சாகத்தோடு வரும் அணியாக இருக்கும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆறு இடம் திறந்திருப்பதால் மே மாதம் வரை பத்துப் பன்னிரண்டு கிளப்கள் நம்பிக்கையோடு ஆடுகின்றன. பட்டத்தை முடிவு செய்ய ஒரு இறுதி ஆட்டம் வேண்டும் என்பது பிரெஞ்சு ரக்பியில் நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். மேல் டிவிஷனிலும் முதலிடம் பிடித்தவர் சாம்பியன் ஆவதில்லை, இறுதியை ஜெயிப்பவர்தான். அப்புறம் மோன்டோபான். பழைய விதி இருந்திருந்தால் ஆறாம் இடத்து மோன்டோபானுக்கு பிளே-ஆஃபே கிடையாது. சாபியாக்கில் அந்த ஜூன் இரவில் அழுது சிரித்த கிழவர்களுக்கு அந்த இரவே இருந்திருக்காது. இதை நினைக்கும்போது என் கருத்தைச் சொல்லும் குரல் கொஞ்சம் தணிந்துவிடுகிறது. ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

மேலே போனால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2021-இல் ஏறிய பியாரிட்ஸ் 2022-இல் இறங்கியது. 2023-இல் ஏறிய ஓயோனா 2024-இல் இறங்கியது. 2024-இல் ஏறிய வான், பிரான்ஸின் பிரிட்டனி பகுதியிலிருந்து முதல் டிவிஷனை எட்டிய முதல் கிளப். தெற்கே தூலூஸையும் பாஸ்க் பகுதியையும் சுற்றியே வாழும் ஒரு விளையாட்டில், வடமேற்குக் கடற்கரை ஊர் ஒன்று இவ்வளவு தூரம் வந்தது சாதாரண விஷயம் இல்லை. ஜான்-நொயேல் ஸ்பிட்ஸெர் 2005 முதல் அந்த அணியின் பயிற்சியாளர். 2016-இல்தான் ப்ரோ டே-தூவுக்கே வந்தார்கள். அவ்வளவு நிதானமாகக் கட்டிய கிளப்பும் 2025-இல் ஒரே வருஷத்தில் திரும்பியது. வீரர் ஒப்பந்தங்கள் எல்லாம் முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும் உலகம் அது. ஜூன் நடுவில் மேலே போகிறோம் என்று தெரிந்துகொண்டு, ஆகஸ்ட் கடைசிக்குள் டாப் 14 அணி கட்டுவது யாருக்கும் எளிதில்லை. தாக்குப்பிடித்தவர்களும் இருக்கிறார்கள். 2021-இல் ஏறிய பெர்பினியான் 2025 வரை மூன்று முறை விளிம்பில் நின்று தப்பித்தது. 2022-இல் ஏறிய பயோன் மூன்றே வருஷத்தில் டாப் 14 அரையிறுதி ஆடியது.

பட்டியலின் அடிப்பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 16-ஆம் இடம் நேராக நாசியோனாலுக்கு. 15-ஆம் இடத்துக்கு அங்கிருந்து வரும் அணியோடு ஒரு ஆட்டம். ஓரியாக் மாதிரி கிளப்களுக்கு இந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதே சீசன். 2007-இல் வந்த ஓரியாக், பெரிய பணம் இல்லாமல், வருஷா வருஷம் அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மேலே எட்டிப் பார்க்கும் கிளப்கள் வந்து போகின்றன, அது இருக்கிறது. மைதானத்தில் தப்பித்தாலும் கணக்கில் தப்பிக்க வேண்டும் என்பது இன்னொரு கவலை. கிளப்களின் வரவு செலவைப் பரிசோதிக்கும் தனி அமைப்பு உண்டு. அது புள்ளியைக் குறைக்கலாம், டிவிஷனை விட்டே இறக்கலாம். மோன்டோபானுக்கு 2010-இல் நடந்தது அதுதான்.

கிரெனோபிள் ரசிகர்களுக்கு இந்த மாதிரி வலி புதிது இல்லை. 1993-இல் பிரான்ஸ் சாம்பியன்ஷிப் இறுதி, பாரிஸ், எதிரணி காஸ்த்ர். பந்தைத் தன் கோட்டுக்குப் பின்னால் முதலில் அமுக்கியது கிரெனோபிள் வீரர். நடுவர் அதைக் காஸ்த்ரின் டிரை என்று கொடுத்தார். ஆட்டம் 14–11 என்று போனது. தான் தவறு செய்ததைப் பல வருஷம் கழித்து நடுவரே ஒப்புக்கொண்டார். 'மாமூத்கள்' என்று பெயர் வாங்கிய அந்த ஸ்க்ரம் கூட்டத்தைப் பற்றி அந்த ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள், பேச்சு அந்த டிரையில் போய்த்தான் நிற்கும். 2023, 2024, 2025 ஜூன்களும் அந்தப் பேச்சோடு சேர்ந்துகொண்டன. ஒரு வித்தியாசம், இவற்றில் குறை சொல்ல ஒரு தவறான தீர்ப்பு இல்லை.

2025 ஆகஸ்ட் கடைசியில் அடுத்த சீசன் தொடங்கியது. மோன்டோபான் டாப் 14-இல். மேலிருந்து இறங்கிய வான், கீழிருந்து ஏறிய கார்கசோன் இருவரும் ப்ரோ டே-தூவில். கிரெனோபிள் மறுபடியும் அதே 16 பேரில் ஒருவராக, 0 புள்ளியில், முப்பது சுற்றில் முதல் சுற்றுக்குத் தயாரானது.